விருத்தாசலத்தில் ஒரு சுவீடன் பாட்டு

காலை 5.40. சென்னை கிளாம்பாக்கத்தில் திருச்சி பேருந்தில் ஏறினேன். டிக்கெட் 190 ரூபாய். "வேப்பூர்" என்று நடத்துநரிடம் சொல்லி முடிக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. நான் திக்கிப் பேசுபவள். என்னைப் போன்ற நாற்பது பேர் செல்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் ஒருத்தியான பரிமளாவைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

பரிமளாவுக்கு முப்பத்திரண்டு வயது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைப் பட்டறையில் வேலை. குழுவில் சேர்ந்த நாளிலிருந்து எழுத்தில் மட்டுமே பேசியவள், திடீரென்று ஒருநாள் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். சுவீடன் நாட்டு ராப் பாடகர் ஒருவரின் பழைய நடனப் பாட்டு அது. தடதடவென்ற தாளத்தின் மேல் மூச்சுவிடாமல் ஆங்கிலம் கொட்டும். அந்த ராப் முழுவதையும் ஓரிடத்திலும் திக்காமல் பாடியிருந்தாள். வேறு யாரோ பாடியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

போன வாரம் எழுதினாள்: "வியாழக்கிழமை வாங்கக்கா. சூப்பர்வைசர் வேலை காலியா இருக்குது. கோயமுத்தூருலேர்ந்து பொம்மை வாங்கற கடைக்காரர் வராரு. அவருக்கு வேலைய வெளக்கிச் சொன்னா எனக்குத் தரேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. பயமா இருக்குது."

9.50. வேப்பூர். நெடுஞ்சாலையோரக் கடையில் பொங்கலும் டீயும் 55 ரூபாய். அங்கிருந்து விருத்தாசலம் சுமார் இருபது கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இரண்டு பக்கமும் கம்பும் மக்காச்சோளமும் காய்ந்த நிலத்தில் முட்டி உயரம் நின்றன.

11.00. பேருந்து நிலையத்தில் பரிமளா ஸ்கூட்டியுடன் காத்திருந்தாள். சுடிதாருக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, முழங்கை வரை வெள்ளை மண். வண்டியை ஓட்டிக்கொண்டே ராப்பை முணுமுணுத்தாள்.

"இங்கிலீஷ் மட்டும் எப்படித் திக்காம வருது?" என்று கேட்டேன்.

"அந்த வார்த்தைங்கள வச்சி யாரும் என்னைக் கி... கிண்டல் பண்ணதில்லையேக்கா. பஸ்ஸுல போட்டாங்க, கேட்டேன். தமிழ் எழுத்துல எழுதி வச்சி மூணு மாசம் மனப்பாடம் பண்ணேன். ஆமா, அதுக்கு என்னக்கா அர்த்தம்?"

"கவலைய விட்டுட்டு எல்லாரும் ஆட வாங்கன்னு கூப்பிடுறாரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!" வண்டி தள்ளாடும் அளவுக்குச் சிரித்தாள்.

11.20. பட்டறை. நீளமான தகரக் கொட்டகை. பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். பால்போலக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சியதும் ஓரத்தில் மண் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே ஈர யானை நிற்கிறது.

தாளத்தில் பேசிப் பார்க்கும்படி நான்தான் முன்பு யோசனை சொல்லியிருந்தேன். வேலையின் விளக்கத்தை ராப் போலவே ஒருமுறை சொல்லிக் காட்டினாள். திக்கவில்லை. ஆனால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது.

"வேணாங்க்கா" என்றாள். "இது நான் பேசற மாதிரியே இல்ல. எனக்கு வர்ற மாதிரியே பேசிடறேன்."

நான் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

12.15. கடைக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். முதலாளி நாற்காலி போட்டார். பரிமளா ஒரு அச்சை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இது பி... பி..."

நின்றுவிட்டது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. சுவர் ஓரம் நின்ற எனக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமலிருக்கக் கையைக் கிள்ளிக்கொண்டேன். முதலாளியால் முடியவில்லை. "பிளா..." என்று ஆரம்பித்தார். பரிமளா அவர் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினாள். முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

"பிளாஸ்டர் அச்சுங்க" என்றாள் பரிமளா. பிறகு, "எனக்குத் திக்கும். கொ... கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள்.

"அவசரமில்லீங்கம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

சொன்னாள். பல இடங்களில் திக்கினாள், ஆனால் ஒரு வார்த்தையையும் விட்டுவிடவில்லை. கடைசியில் அவர் ஒரு யானையை எடுத்துப் பார்த்தார். "இந்தத் தும்பிக்கைய இன்னும் மெலிசா, மேல தூக்கின மாதிரி செய்ய முடியுங்களா?"

முதலாளி "செஞ்சிடலாம்" என்று தலையாட்டத் தொடங்கியபோதே பரிமளா, "வெடிச்சிரும் சார்" என்றாள். "தலை கனம், தும்பிக்கை மெலிசு. மெலிசு முன்னால கா... காஞ்சி சுருங்கிடும். சேர்ற எடத்துல விரிசல் வுடும். மேல தூக்கித்தான் வேணும்னா நெத்தியோட ஒட்டின மாதிரி வளைச்சிடலாம். நிக்கும்."

மேசையில் கிடந்த ஈர மண்ணை உருட்டி, ஒரு யானையின் நெற்றியில் வளைத்து ஒட்டிக் காட்டினாள். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே மாதிரி ஐந்நூறு வேணுங்க. ஏதாச்சும் சந்தேகம்னா இவங்ககிட்டயே போன் பண்ணிக் கேட்டுக்கறேன்."

அவர் போனதும் முதலாளி கொட்டகையை ஒருமுறை சுற்றிவந்தார். "நாளைலேர்ந்து நீயே பாத்துக்கம்மா" என்றார். போகப்போனவர் திரும்பி நின்றார். "நடுவுல பேசிட்டேன். தப்பா எடுத்துக்காத."

மாலை 4.00. டீ நேரம். யாரோ செல்பேசியை ஒரு காலி வாளிக்குள் வைத்துப் பாட்டைப் போட்டார்கள். வாளி அதிர்ந்தது. ராப் வரும் இடத்தில் பெண்கள் சத்தத்தைக் குறைக்க, பரிமளா பாடினாள். கைகால்களில் மண் காய்ந்த பதினான்கு பேரும் ஆடினார்கள். சூளைப் பக்கம் நின்ற அம்மா ஒருவர் என்னையும் இழுத்துவிட்டார். எனக்கு ஆட வராது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

5.30. பரிமளா பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டாள். "போயிட்டு வாங்கக்கா. அடுத்த தடவ வூட்டுக்கு வந்து சாப்புட்டுத்தான் போவணும்" என்றாள். நேரே சென்னை போகும் பேருந்தே கிடைத்தது.

சென்னையில் என் அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கையை எழுதுவது நான். கூட்டத்தில் வாசிப்பது பக்கத்து இருக்கைக்காரர். ஏழு வருஷமாக அப்படித்தான். எல்லோரும் அதை எனக்குச் செய்யும் உதவி என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் மேலாளருக்கு ஒரு செய்தி எழுதினேன்: "திங்கட்கிழமை அறிக்கையை நானே வாசிக்கிறேன். வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கவும்."

அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.