தெற்கே திருப்பிய சோலார் பனல்

சோல்டர் புகையும் காய்கிற வெங்காயத்தின் நெடியும் கலந்த ஒரு மணம்... நான் முதல் நியமனத்தில் படிப்பித்த ஆய்வுகூடத்தின் மணம் அது. பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலை. யன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டம்.

உடுவிலில் இருந்து ஸ்கூட்டியில் போய்வருவேன். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத ஆள் நான். பிள்ளைகள் கேள்வியை முடிக்க முதலே பதிலைச் சொல்லிவிடுவேன். அதைக் கெட்டித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

தரம் பத்துக்குச் சூரியசக்தி பாடம். நாங்கள் இருப்பது பூமத்தியரேகைக்கு வடக்கே, ஆகவே சோலார் பனல் தெற்கைப் பார்க்க வேண்டும் என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். எல்லாரும் பார்த்து எழுதினார்கள். தர்சினியும் எழுதினாள்.

தர்சினி வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவரின் மகள். அதிகம் கதைக்கமாட்டாள், ஆனால் கை சும்மா இராது. வலயமட்ட விஞ்ஞானப் போட்டிக்கு அந்த வருடம் அவள்தான் எங்கள் ஆள். ஒரு சின்னப் பனல், விளையாட்டுக் காரில் கழற்றிய மோட்டர், ஒரு சேலைன் குழாய்... வெயில் பட்டால் வாளித் தண்ணீர் மேலே போத்தலுக்கு ஏறும்.

எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். அவளுக்கோ பௌதிகத்தில் பைத்தியம்; அதற்குக் கணிதப்பிரிவு வேண்டும்.

"வலயத்திலை வெண்டால் ரவுண் பள்ளிக்கூடத்திலை விட்டுக் கணிதப்பிரிவு படிப்பிக்கிறன் எண்டு அப்பா சொன்னவர் மிஸ்," என்றாள் ஒருநாள். அவள் என்னிடம் தானாக வந்து கதைத்தது அதுதான் முதல் தடவை.

போட்டி ஆனி மாதத்தில் வந்தது. உச்சி வெயில். நடுவர்மார் இரண்டு மேசை தள்ளி நிற்கிறார்கள். அப்போதுதான் கவனித்தேன்... அவளுடைய பனல் வடக்கே சரிந்திருந்தது.

"என்ன பிள்ளை, வடக்கை பாக்க வைச்சிருக்கிறாய்?"

"இப்ப ஆனியெல்லோ மிஸ். மத்தியானத்திலை எங்கடை தண்ணித்தொட்டியின்ரை நிழல் தெற்குப் பக்கம்தான் விழும். அப்பா அந்த நிழலிலை இருந்துதான் சாப்பிடுறவர். அப்ப சூரியன் வடக்கைதானே..."

"புத்தகத்திலை என்ன கிடக்கு?"

அவள் பதில் சொல்லும்வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. நானே பனலைத் தூக்கித் தெற்கே திருப்பி வைத்தேன்.

நடுவர்மார் வந்தார்கள். மோட்டர் ஒருமுறை முனகியது. குழாயில் தண்ணீர் விரலளவு ஏறி, திரும்ப இறங்கிவிட்டது. மூத்த நடுவர் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை வயரைச் சரியாப் பூட்டேல்லைப் போலை, சேர்," என்றேன்.

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தர்சினி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மனம் கேட்காமல் கொடிக்கம்பத்தடியில் போய் நின்றேன். நிழல் தெற்கே விழுந்து கிடந்தது. வருடம் முழுக்கக் கூரையில் கிடக்கிற பனலுக்கு நான் எழுதிப்போட்ட விதி சரி. ஆனி மாதத்து உச்சிப் பொழுதில் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, பட்டம் எடுத்த எனக்குத்தான் தெரியவில்லை.

அதிபரிடம் சொல்ல வேண்டும், வலயத்துக்கு எழுத வேண்டும், முதலில் அவளிடம் சொல்ல வேண்டும்... நாளைக்கு, நாளைக்கு என்று நாட்கள் போயின. பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது. வலயத்தில் வெல்லாததால் அவள் அதே பாடசாலையில் கலைப்பிரிவு படித்தாள் என்று கேள்விப்பட்டேன்.

போன கிழமை இணுவிலில் ஒரு பழக்கடையில் அவளைக் கண்டேன். பக்கத்தில் ஒரு சின்ன மகள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "மிஸ், சுகமா இருக்கிறியளே?" என்று கேட்டாள். சுகம் விசாரிக்கவும் பொறுக்காமல் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

"அண்டைக்கு நீ வைச்சதுதான் சரி பிள்ளை. பிழை என்ரை."

"தெரியும் மிஸ். அடுத்த நாளே வீட்டிலை வடக்கை திருப்பி வைச்சுப் பாத்தனான். வடிவா ஓடினது."

"பிறகேன் என்னட்டை வந்து சொல்லேல்லை?"

"அண்டைக்கே சொன்னனான்தானே மிஸ்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

இப்போது என் வகுப்புப் பிள்ளைகள் அப்படியல்ல. "மிஸ், உது பிழை, போன் ஆப்பிலை வேறை மாதிரிக் காட்டுது" என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறார்கள். முற்றத்துக்கு இறங்கிப்போய் அளந்து பார்க்கிறோம். பாதிக்குப் பாதி நான்தான் தோற்கிறேன், அதில் ஒரு சந்தோஷம்கூட இருக்கிறது.

ஆனால் ஒரு பிள்ளை சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க நான் பழகுவதற்குள், தர்சினியின் படிப்புப் போய்விட்டது.