ஒரே சீட்டில் சீனர்கள்

தெருவில் அவரைச் 'சீட்டுக்காரர்' என்பார்கள். புதிதாகக் குடிவந்த சிலர், ஆட்டத்துக்கு ஒரு கை குறைகிறது என்று மூன்று மாடி ஏறிப்போய்க் கூப்பிட்டுவிட்டு, அசடு வழியத் திரும்பியிருக்கிறார்கள். அவருடைய சீட்டு வேறு. கனமான புத்தகங்களின் கடைசியில், யார் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது, எந்த விஷயம் எங்கே பேசப்படுகிறது என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்குமே, அடைவு என்று பெயர், அதைத் தயாரிப்பதுதான் அவர் பிழைப்பு. ஒரு பெயருக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் பக்க எண்கள். சீட்டுகளை அகரவரிசையில் செருப்புப் பெட்டிக்குள் நிற்க வைக்க வேண்டும். இதெல்லாம் கம்ப்யூட்டரில் நிமிஷத்தில் ஆகிவிடும் என்று அச்சகத்தில் நூறு தடவை சொல்லியாகிவிட்டது. "அதுக்குப் பேரைத் தெரியும், ஆளைத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார். முப்பத்தோரு வருஷமாக இதே கதைதான்.

அப்பா போனபோது அவருக்கு வயது பதினொன்று, அண்ணனுக்கு இருபது. அண்ணன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து தம்பியை ஆளாக்கினார். கையெழுத்து நன்றாயிருக்கிறதே என்று அச்சகத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான், பெண் பார்த்துக் கட்டிவைத்தவரும் அவர்தான். அதனால் அண்ணன் உட்கார் என்றால் தம்பி உட்கார்ந்துவிடுவார், பின்னால் நாற்காலி இருக்கிறதா என்றுகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். "உங்க அண்ணன் மழை பெய்யுதுன்னு சொன்னா நீங்க குடையைத் தேடுவீங்க. ஜன்னலைத் திறந்து பாக்கணும்னு தோணவே தோணாது" என்று மனைவி, உயிரோடு இருந்தவரை, கேலி செய்துகொண்டிருந்தாள். அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அண்ணன் பின்னாளில் விட்ட படிப்பைப் பிடித்து, கல்லூரியில் தத்துவ ஆசிரியராகி, ஓய்வும் பெற்றார். பதினெட்டு வருஷமாக ஒரே புத்தகத்தை எழுதினார். சீனச் சிந்தனையும் ஐரோப்பியச் சிந்தனையும் எங்கே பிரிகின்றன என்பதுதான் பொருள். ஐரோப்பியர் 'எது உண்மை' என்று கேட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடிப்பவர்கள். சீனரோ 'எப்படி நடந்துகொள்வது' என்று கேட்டு இணக்கத்தைத் தேடுபவர்கள். அங்கே வாதம், இங்கே ஒத்துப்போதல். இதுதான் அவர் முடிவு. இதை நிறுவ அறுநூற்று நாற்பது பக்கம். கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது சர்க்கரை வியாதி அவர் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தை அவர் சொல்லச் சொல்ல அண்ணி எழுதினார்.

பக்கங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு அச்சக முதலாளியே மாடியேறி வந்தார்.

"வெள்ளிக்கிழமை மெஷின்ல ஏத்திடுவேன். அடைவு கடைசியா அச்சாகிற பக்கங்கள்தானே, பத்து நாள் கழிச்சுக் கொடுங்க, போதும். உள்ள ஏதாவது பெரிய தப்பு கண்ணுல பட்டா மட்டும் அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அப்புறம் என் தலையை உருட்டக் கூடாது."

அண்ணனின் புத்தகத்தில் தப்பா! அவர் சிரித்தே விட்டார்.

ஐரோப்பாவுக்கு ஒரு பெட்டி, சீனாவுக்கு ஒரு பெட்டி என்று மேஜையில் அருகருகே வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் ஐரோப்பாப் பெட்டி நிரம்பி, இன்னொரு பெட்டி தேட வேண்டியதாயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் பெயரோடு, ஊரோடு, இன்னாருக்கு எதிரி என்ற அடையாளத்தோடு வந்தார்கள். சீனப் பெட்டியில் ஒன்பது சீட்டு நின்றது. அதில் எட்டுச் சீட்டில் ஆளுக்கு ஒரு பெயரும் ஒரே ஒரு பக்க எண்ணும். ஒன்பதாவதன் தலையில் 'சீனர்கள்' என்று எழுதியிருந்தது. எண்கள் முன்பக்கம் நிரம்பி, பின்பக்கம் நிரம்பி, குண்டூசி குத்தி இணைத்த ஏழு சீட்டுகளுக்கு ஓடியிருந்தன. 'சீனர்கள் கருதுவது', 'சீன மரபு சொல்வது', 'சீன ஞானி ஒருவர்'. பெயரில்லை, ஊரில்லை, எதிரியும் இல்லை.

ஒரு புத்தகத்தின் வண்டவாளம் அடைவில் தெரிந்துவிடும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள். அத்தனை ஆயிரம் வருஷம் அத்தனை பெரிய நாட்டில் ஒருவரோடு ஒருவர் மோதவே இல்லையா என்று அவருக்கு உறுத்தியது. பின்னால் இருந்த நூற்பட்டியலைப் புரட்டினார். ஐரோப்பாவுக்குப் பதினொரு பக்கம். சீனாவுக்கு ஒரு தடித்த கையேடு, அதையும் ஓர் ஐரோப்பியர்தான் எழுதியிருந்தார்.

புதன்கிழமை காலை நூலகத்துக்குப் போய்ச் சீனச் சிந்தனை வரலாறு ஒன்றை எடுத்து நின்றபடியே படித்தார். அங்கே ஒரே அடிதடி. மனிதன் பிறவியிலேயே நல்லவன் என்கிறார் ஒருவர். சுத்தப் பேத்தல், அவனைத் தட்டி நிமிர்த்தத்தான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். வருஷக்கணக்கில் துக்கம் காப்பது ஊரைக் கெடுக்கிற வீண்வேலை என்று மூன்றாமவர் விளாசுகிறார். நாலாமவர் இந்த எல்லாரையும் வைத்துக் கிண்டலடிக்கிறார். பெயர், ஊர், எதிரி எல்லாம் இருந்தது. அண்ணன்தான் அவர்களைச் சந்திக்கவில்லை. அவர்கள் ஒத்துப்போனவர்கள் என்று முடிவுகட்டி, அதன் மேல் பதினெட்டு வருஷத்தைக் கட்டிவிட்டார்.

புத்தகத்தை மூடி வைத்தார். நேராக அண்ணன் வீட்டுக்கு நடந்தார். சொல்லிவிடுவது என்றுதான் போனார்.

அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டார்.

"வாடா. பக்கமெல்லாம் பாத்தியா? எப்படி வந்திருக்கு?"

தொண்டை வரை வந்தது. அண்ணி கையில் கண் மருந்துக் குப்பியோடு நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருக்குண்ணா" என்றார்.

"அது கையில வந்து, ஒரு தடவை தடவிப் பாத்துட்டேன்னா போதும்டா எனக்கு."

இதற்கு மேல் எதைச் சொல்வது? தேநீரைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டுத் திரும்பினார். வெள்ளிக்கிழமை அச்சகத்தைத் தாண்டித்தான் போனார். உள்ளே இயந்திரம் ஓடுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. நடையை எட்டிப் போட்டார்.

அடுத்த வாரம் அவர் செய்ததை இந்தத் தொழிலில் பூசி மெழுகுவது என்பார்கள். அந்தத் தடித்த சீட்டைக் கலைத்தார். 'சீனர்கள், அரசு பற்றி', 'சீனர்கள், இயற்கை பற்றி', 'சீனர்கள், குடும்பம் பற்றி', 'சீனர்கள், வானம் பற்றி' என்று ஒன்றை நாற்பத்திரண்டாக்கினார். பெட்டி பார்வைக்கு நிரம்பிவிட்டது. பக்க எண்ணில் ஒன்றுகூடப் பிசகவில்லை. வேறு ஆசிரியர்களுக்காக இதைச் செய்தபோதெல்லாம் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டவர், இந்த முறை தன்மேலேயே அருவருப்பாகி, செய்து முடித்ததும் கை கழுவப் போனார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அடைவை வாசிக்கக் கேட்க வேண்டும் என்றார் அண்ணன். யாரும் அடைவை வாசிக்கக் கேட்பதில்லை. கண் தெரிந்தவர்கள் அதில் வேண்டியதைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணனுக்கு அந்த வழி இல்லை. அண்ணி முதல் வரியிலிருந்து வாசித்தார், அண்ணன் ஒவ்வொரு ஐரோப்பியர் பெயருக்கும் பழைய நண்பரைத் தெருவில் கண்டவர் போல முகம் மலர்ந்தார். 'ச' வந்தது.

"சீனர்கள், அரசு பற்றி. சீனர்கள், இயற்கை பற்றி. சீனர்கள், உடல் பற்றி…" அண்ணி வாசித்துக்கொண்டே போனார். பன்னிரண்டாவது வரியில் அண்ணன் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. சீனாவில ஆளுங்க பேரு எத்தனை வருது?"

அண்ணி தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார்.

"எட்டுண்ணா."

"ஐரோப்பாவில?"

"இருநூத்திப் பன்னிரண்டு."

அண்ணனின் விரல்கள் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தன. வகுப்பில் ஒரு மாணவன் சரியான கேள்வி கேட்டுவிட்டால் அப்படித் தட்டுவாராம்.

"எப்பக் கண்டுபிடிச்சே?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம். செவ்வாய்க்கிழமை."

"அச்சு ஏறினது வெள்ளிக்கிழமை." கேள்வியாக அல்ல, கூட்டிப் பார்த்துச் சொன்னார். "புதன்கிழமை இங்க வந்தே. இந்த இடத்துல உக்காந்து டீ குடிச்சே."

"ஆமாண்ணா."

"ஏண்டா சொல்லல?"

முப்பத்தோரு வருஷத்தில், அதற்கு முன்னாலும், அவர் அண்ணனிடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போது உயர்ந்துவிட்டது.

"சொன்னா கேட்டிருப்பீங்களா நீங்க?"

அண்ணி கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார். அண்ணன் கோபப்படவில்லை. நிதானமாக யோசித்தார்.

"கேட்டிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். சீட்டு எழுதறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்டிருப்பேன். ரெண்டு நாள் உம்மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்." பார்வையில்லாத முகத்தைத் தம்பி இருந்த பக்கம் திருப்பினார். "மூணாம் நாள் அச்சகத்துக்கு ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்லியிருப்பேன்டா."

தம்பி எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தார். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அண்ணன் கை துழாவி வந்து அவர் தலைமேல் விழுந்து, அங்கேயே கிடந்தது.

"நீ என்ன பண்ணுவே பாவம். மோதிப் பாக்காமலே எனக்கு மரியாதை கொடுத்தே" என்றார் அண்ணன். "நான் அந்தச் சீனாக்காரங்களுக்குக் கொடுத்த மாதிரி."