வாழைப்பாத்தியில் இறங்கிய மின்னல்

வேலணையில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் எடுத்த வருடமே ஒரு வானொலியும் வாங்கினோம். அதற்காகத் தென்னையிலிருந்து வீட்டுச் சுவர்வரை ஏரியல் கம்பி கட்டினோம். மின்னல் அந்தக் கம்பிவழியே வீட்டுக்குள் வராமலிருக்க யன்னலோரம் ஓர் ஆளி, அதாவது சுவிட்ச், வேண்டும் என்றார் வயரிங் செய்ய வந்த இளைஞர். முகில் கறுத்ததும் ஆளியைக் கீழே தட்டிவிட்டால், மின்னல் தடித்த செப்புக் கம்பிவழியே நிலத்துக்குப் போய்விடுமாம். அதன் நுனியில் பொருத்திய செப்புத் தகட்டை ஈர மண்ணில் புதைக்க வேண்டும்.

எங்கள் வளவில் அதிகம் ஈரமாயிருப்பது கிணற்றடிதான்; அங்கேயே தகட்டுக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கினோம். அக்கம்பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். ஒழுங்கையிலுள்ள வீடுகள் எல்லாம் எங்கள் கிணற்றில்தான் குடிதண்ணீர் அள்ளின.

குடத்தோடு வந்த எதிர்வீட்டு அக்கா, கிடங்கு வெட்டுவதைக் கண்டு நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, உம்மடை இடி விழ எங்கடை குடிதண்ணிக் கிணறோ கிடைச்சது?"

"இடி தண்ணியை ஒண்டும் செய்யாது, அக்கா."

"நீர் குடிச்சுப் பாத்தனீரோ?"

இளைஞர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "இது கெட்டுப்போனா நாங்கள் அவ்வளவு தூரம் மண்கும்பானுக்கோ குடம் தூக்கிறது, மாஸ்டர்?"

குளிக்கும் தண்ணீர் வடிந்தோடும் வாழைப்பாத்திக்குக் கிடங்கை மாற்றினோம். தகட்டைச் சுற்றி ஈரம் நிற்பதற்காக இளைஞர் கரியும் உப்பும் கொட்டினார்.

"உப்புமோ!" என்று தலையிலடித்துக்கொண்டு போனார் அக்கா.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் வானம் இருண்டது. ஆளியைத் தட்டிவிட்டு மனைவியோடு விறாந்தைக்கு வந்தேன். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. சிறிது நேரம் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். தென்னையின் உச்சி வட்டு புகைந்துகொண்டிருந்தது. ஏரியல் கம்பியைக் காணவில்லை. அறுந்து கிடக்கவுமில்லை, குண்டூசி அளவு துண்டுகூட எஞ்சவில்லை. அது இறங்கிய வெள்ளைச் சுவரில், அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருந்தது. என் கையால் இழுத்துக் கட்டிய கம்பி அது. ஆளியின் அலகு உருகி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே தடித்த கம்பி அப்படியே இருந்தது. தொட்டேன், சூடுகூட இல்லை. உள்ளே வானொலியின் மேல் விரித்த துணி கசங்கவில்லை.

அக்கா வந்து அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வாளி அள்ளி, வாயில் விட்டுக் கொப்பளித்தார்.

"நாக்கை நம்பேலாது. பருப்பு அவியுதோ எண்டு பாப்பம்."

உவர்த் தண்ணீரில் பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கல்லுப்போலக் கிடக்கும். எங்கள் தீவில் தண்ணீருக்கு அதைவிடப் பெரிய பரிசோதனை இல்லை. அவர் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார். மற்றப் பெண்கள் வெறுங்குடங்களுடன் கிணற்றடியில் நின்றார்கள். ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை. நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு கம்பியையே இல்லாமலாக்கிய ஒன்று, இதற்குச் சற்றுத் தள்ளித்தான் மண்ணுக்குள் போயிருக்கிறது. தண்ணீரோ அலையில்லாமல், மழை விட்ட வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக் குசினியில் புகை எழுந்து நெடுநேரத்துக்குப் பின் வேலிக்கு மேலாக அக்காவின் குரல் கேட்டது.

"மாஸ்டர்! கரைஞ்சே போச்சுது!"

"அப்ப தாளிச்சு வையுங்கோ அக்கா, சோத்தோடை வாறம்!" என்று கத்தியபடி ஒருத்தி வாளியைக் கிணற்றில் விட்டாள்.