பெரிய வெள்ளியன்று மாஸ்டரின் தொண்டை

எங்கள் பாடகர் குழு மாஸ்டர், தெரிந்துகொண்டே என் தங்கையின் பாட்டைப் பிழை என்றார். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

போன தவக்காலம், மன்னாரில் கீரி என்ற எங்கள் ஊரில் நடந்தது. எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று மாதாவின் புலம்பல் பாடுவோம். ஒருவர் தனியாகப் பாட, சனம் முழுக்கத் திருப்பிப் பாடும். அந்த முறை தனிக்குரல் என் தங்கைக்குக் கிடைத்தது. வீட்டில் சட்டி கழுவும்போதும் அதையே பாடிக்கொண்டு திரிந்தாள்.

கீபோர்ட் வாசிப்பது நான்; ஊரில் அதைப் பெட்டி என்பார்கள். மாஸ்டரிடம்தான் படிக்கிறேன். மைனர் ஸ்கேல் என்று அவர் சொல்லித் தந்தது இவ்வளவுதான்: லா என்ற சுரத்தில் தொடங்கு, லாவில் முடி, வெள்ளைக் கட்டைகள் மட்டும், கறுப்பைத் தொடாதே. டோவில் தொடங்கினால் சிரிக்கிற அதே கட்டைகள், லாவில் தொடங்கினால் அழுதன. அதுவே எனக்குப் பெரிய புதினமாக இருந்தது.

ஒத்திகையில்தான் சண்டை. பாட்டு லாவை நோக்கி ஏறும் இடத்தில் தங்கையின் குரல் என் கட்டைகளை விட்டுக் கொஞ்சம் மேலே போய்விடும். இறங்கும்போது ஒழுங்காக என்னுடன் வரும். மாஸ்டர் கை தட்டி நிறுத்தினார்.

“தங்கச்சி, பெட்டியக் கேட்டுப் பாடும். மீன் ஏலம் கூறுற மாதிரி ஏத்தாதையும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஒத்திகையில் பாட்டை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். தங்கை வீட்டுக்கு வந்து கேட்டாள், “அக்கா, எனக்கு உண்மையாவே காது இல்லையோ?” அதோடு பாடகர் குழுவை விட்டுவிட்டாள்.

பெரிய வியாழன் பூசையோடு கோயிலில் மணியும் கீபோர்டும் ஓய்ந்துவிடும். சனி இரவுப் பாஸ்கா பூசை வரை மணிக்குப் பதில் மரத்தட்டைதான். அதனால் வெள்ளியன்று எனக்கு வேலை இல்லை. சனத்தோடு சனமாய்த் தங்கைக்குப் பக்கத்தில் இருந்தேன். வாசிக்க ஒன்றும் இல்லாததால்தான் காது திறந்தது.

புலம்பல் தொடங்கியது. மாஸ்டர் பிடித்துப் பழக்கிய அந்தப் பெண்ணும், பெட்டி இல்லை என்றதும், அதே இடத்தில் ஏற்றினாள்! இறங்கும்போது இறக்கினாள். சனம் திருப்பிப் பாடியது. முழுக் கோயிலும் ஏற்றியது, முழுக் கோயிலும் இறக்கியது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த ஆண்குரலும் ஏற்றியது. திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர், கண்ணை மூடி உருகிப் பாடுகிறார்.

தங்கை என் விலாவில் இடித்தாள். “அக்கா, மாஸ்டரும் மீன் ஏலம் கூறுறார்.”

துக்க நாளில் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வழிபாடு முடிந்ததும் அதைப் பெட்டியில் தேடிப் பார்க்க வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலிலேயே மறித்தார். “பெரிய வெள்ளியில பெட்டியத் தொட்டா கைய முறிப்பன்!” உயிர்ப்பு ஞாயிறு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அன்று காலை பூசைச் சேலையைக்கூட மாற்றாமல் கீபோர்டுக்கு முன்னால் இருந்து, தங்கையைப் பாடவிட்டு, விரலால் தேடினேன். ஏறும்போது லாவுக்கு முன் இருக்கும் இரண்டு சுரங்களும் கறுப்புக் கட்டையில்! இறங்கும்போது இரண்டும் வெள்ளையில்! லாவுக்கு ஒட்டினாற்போல் ஒரு சுரம் இருந்தால்தான் பாட்டு தன் வீடான லாவுக்குள் ஏறுகிறது. அதை மட்டும் உயர்த்தினால் நடுவில் பெரிய பள்ளம் விழுகிறது, குரல் இடறுகிறது. அதனால் முந்தியதையும் கூட்டிக்கொண்டு போகிறது. இறங்கிப் போகிறவருக்கு அந்த உதவி தேவையில்லை. நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தார்.

மாஸ்டருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். மனுசன் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“ஓம், அது மெலடிக் மைனர், ஏற ஒரு மாதிரி, இறங்க ஒரு மாதிரி. உமக்கு அடுத்த கிரேட்டிலதான் வரும்.”

தெரிந்திருக்கிறது! அந்த இரண்டு கறுப்புக் கட்டைகளை எனக்குக் காட்டித் தந்திருந்தால் பெட்டி பாட்டோடு சேர்ந்திருக்கும். அதை விட்டுப் பெட்டிக்காகப் பாடுகிறவளை வெட்டினார்.

இப்போது மைனரில் ஒரு பாட்டு ஏறும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, கூடவே கோபமும் வருகிறது. தங்கை இன்னும் குழுவுக்குத் திரும்பவில்லை. அன்று சிரித்த அதே ஆட்களுக்கு முன்னால், அடுத்த ஒத்திகையில், மாஸ்டர் வாய் திறந்து பதில் சொல்லட்டும்: என் தங்கை பாடியது பிழையா, சரியா?