கட்டிக்கு எத்தனை மார்க்?

எங்கள் தொழிலில் எதையும் விற்பதில்லை. ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட ஒன்றை, அது என்னவென்று எடுத்துச் சொல்வதுதான் வேலை. மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில், ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டருக்குப் பக்கத்து அறை என்னுடையது. டாக்டர் பேசி முடித்த பிறகு, அவர் சொன்னது மனதில் நிற்காதவர்கள் என்னிடம் வருவார்கள். அதாவது எல்லோரும். அப்பா ரயில்வேயில் இங்கே மாற்றலாகி வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம் என்று வளர்ந்தேன். இந்த நாற்காலி கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்பகக் கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். எழுத்தை எல்லாம் தாண்டிக்கொண்டு போய் எண்ணைத் தேடுவார்கள், பரீட்சை மார்க் பார்க்கிற மாதிரி. நீங்களும் ஏதாவது ஒரு ரிப்போர்ட் கவரை மாடிப்படியிலேயே நின்று பிரித்தவர்தான் என்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

ராகு காலம் முடியட்டும்

மாதையன் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்து விவசாயி. மனைவி ரத்னாவின் ரிப்போர்ட் தயார் என்றதும் வந்துவிட்டார், ஆனால் கையில் வாங்க மாட்டேன் என்றார். ராகு காலமாம். இது எங்களுக்குப் பழக்கம்தான். எங்கள் கேன்டீனில் அந்த நேரத்தில் வியாபாரம் நன்றாக நடக்கும். ராகு காலம் முடிந்து கவரை வாங்கியவர், பார்க்கிங்கில் நின்று பிரித்தார். அதில் கிரேடு மூன்று என்று இருந்தது. முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தார். அவர் தெருவில் ஒரு அம்மா மூன்றாவது ஸ்டேஜில் இறந்துபோயிருக்கிறார்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு என்று சொன்னேன். ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு, தனியாக உள்ளே போன மாதையனிடம் டாக்டரும், இது இரண்டாவது ஸ்டேஜ், ஆபரேஷன் செய்து பின்னால் மருந்தும் கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லித் தேதியும் கொடுத்தார். மாதையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்புறம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரத்னாவைக் கூப்பிடாமல் தனியாக என் அறைக்கு வந்தார். அவள் கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அவகிட்ட வெறும் நீர்க்கட்டின்னுதான் சொல்லியிருக்கேனுங்க்கா. நீங்களும் அதையே சொல்லிப்போடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஸ்கூட்டர் டிக்கி

அதே வாரம் மண்டி மொஹல்லாவில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். அவர் மனைவிக்கு வெளியே ஒரு லேபில் பயாப்ஸி எடுத்திருந்தார்கள். கட்டியின் துண்டை மெழுகில் பதித்துச் சின்ன வில்லையாக ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள். அதை வாங்கி வாருங்கள், ஹார்மோன் மாத்திரை வேலை செய்யுமா என்று இங்கே இன்னொரு டெஸ்ட் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். வாங்கிவிட்டாராம். எங்கே என்றால், கீழே ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கிறதாம். வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறதாம், வெயிலோடு வெயிலாக.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மெழுகு உருகினால் என்ன ஆகும், ஒரு பெட்டியை வீட்டுக்குள் வைக்க இடமில்லையா என்று கேட்டேன். நல்ல வேளை, வில்லைக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த நோய் ஒட்டுவாரொட்டி இல்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாலும் ஒன்றும் செய்யாது என்று நான் நீட்டி முழக்கி முடிக்கும்வரை அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டி வெளியவே இருக்கட்டும்னு சொன்னது அவதான் மேடம். அவ மட்டும் உள்ளேதான் இருக்கா, எங்க எல்லார் கூடவும்."

போன் சொன்ன ஸ்டேஜ்

இன்னொரு நாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன் அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை மேஜைமேல் தட்டினான். தமிழ் வீட்டுப் பிள்ளைதான், பேச்சில் பாதி கன்னடம். ஸ்டேஜை ஏன் போடவில்லை, எதை மறைக்கிறீர்கள் என்றான். பயாப்ஸியில் கட்டியின் ஒரு நூல் அளவுதான் எடுக்கிறோம், அதை வைத்து ஜாதியையும் குணத்தையும் சொல்லலாம், எவ்வளவு பெரிது, அக்குளில் நெறிகட்டிகளுக்குப் போயிருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு அதுவும் கொஞ்சம் மாறலாம் என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ரிப்போர்ட்டைப் போனுக்குள் போட்டு அவனே ஒரு ஸ்டேஜைக் கண்டுபிடித்துவிட்டான், அதுவும் நான்கு.

தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குடித்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்துக் கவருக்குள் வைத்தான்.

"சரி ஆன்ட்டி, ஸ்கேன் ஆகட்டும். ஆனா அம்மாகிட்ட நாலுன்னு ஹேளிபிட்டேன், சொன்னதை ஹேகே வாபஸ் வாங்கறது?"

பூ

ஆபரேஷன் தேதி நெருங்கும்போது மாதையனிடமிருந்து போன் வந்தது. ஆபரேஷன் வேண்டாமாம். அவர்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் கோயிலில் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. மாதையனுக்குச் சிவப்பு வந்திருக்கிறது.

எனக்குச் சாமியோடு சண்டை எதுவும் கிடையாது. ஆனால் ரத்னாவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. இப்போது வெட்டி எடுக்கக்கூடிய கட்டியை விட்டுவைத்தால் பிறகு எதுவும் செய்ய முடியாமல் போய்விடும். இரண்டாவது ஸ்டேஜ் என்று டாக்டர் உன் எதிரில்தானே சொன்னார் தம்பி என்று கேட்டேன்.

"ரெண்டுன்னு அவரு சொன்னது எங்க மனசு நோகக்கூடாதுன்னுட்டுங்க்கா. காயிதத்துல மூணுன்னுதானே இருக்குது? நானே ரத்னாகிட்ட நீர்க்கட்டின்னு சொல்லலீங்களா, அந்த மாதிரிதானுங்க."

இல்லாத விதி

பொய் சொல்கிறவனுக்கு ஊரே பொய் சொல்வதாகத்தான் தெரியும் போலிருக்கிறது. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், பயந்துபோய்க் கிடக்கிறார். ஆபரேஷனை ரத்து செய்ய வேண்டுமானால் நோயாளியே நேரில் வந்து சொல்ல வேண்டும், அது விதி என்றேன். அப்படி ஒரு விதி எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

மறுநாளே இருவரும் வந்தார்கள். ரத்னா என் எதிரில் உட்கார்ந்து, அந்தக் காயிதத்தை எங்கிட்ட காட்டுங்க, என்னுதுதானே என்றாள். மாதையன் குறுக்கே பாய்ந்து, அது நீர்க்கட்டிதான் அம்மிணி என்று ஆரம்பித்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாசல்ல போர்டுலயே எழுதியிருக்குதுங்க்கா, இந்தப் பிரிவு எதுக்கானதுன்னு. நான் கன்னடப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. இவருதான் என் கண்ணைக் கட்டிக் கூட்டியாந்ததா நெனச்சுட்டிருக்காரு."

களை

காட்டினேன். கிரேடு என்றால் களை எவ்வளவு முரட்டுக் களை என்கிற கணக்கு, ஸ்டேஜ் என்றால் அது எந்த வரப்பு வரைக்கும் போயிருக்கிறது என்கிற கணக்கு என்றேன். உன்னுடையது முரட்டுக் களைதான், அதனால் மூன்று. ஆனால் காட்டில் ஒரு மூலையில் இருக்கிறது, பக்கத்து வரப்பில், அதாவது அக்குளில், தலைகாட்டியிருக்கிறது. அதைத் தாண்டிப் போனதாக ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. அதனால் இரண்டு. அவள் விரலை அந்த மூன்றின்மேல் வைத்தபடி, அப்ப முரட்டுக் களையைச் சீக்கிரமாப் புடுங்கோணுமில்லீங்களா என்றாள். நான் சொல்ல வைத்திருந்த அடுத்த வாக்கியம் அதுதான்.

பிறகு புருஷனிடம், சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க என்றாள். மூணாவது ஸ்டேஜுக்குப் போயிருச்சு, இனிமே அறுக்கலாமான்னு கேட்டேன் என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் மூச்சுவிட்ட நேரத்தில் ரத்னா ஒரு குண்டைப் போட்டாள்.

"சாமி மேல குத்தமில்லீங்க்கா. இல்லாத மூணைச் சொல்லிக் கேட்டா அதுதான் என்ன பண்ணும்? மறுக்காக் கேக்கோணும்."

மறுபடியும் பூ

இந்த முறையும் சிவப்பு வந்தால்? கேட்டே விட்டேன். பாத்துக்கலாமுங்க்கா, பழைய தேதியை மட்டும் நிறுத்தி வெச்சுடுங்க என்று பஸ் ஏறிவிட்டாள். அடுத்த நான்கைந்து நாட்கள் நான் யாருக்கு என்ன விளக்கினேன் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை என் அறைக் கதவு திறந்தது. ரத்னா, பின்னால் துணிப்பையோடு மாதையன். பையில் நைட்டி, துண்டு, பிளாஸ்க் எல்லாம் இருந்தது. ஆபரேஷனுக்கு நாள் சொல்லுங்க என்றாள். வெள்ளை வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, மறுபடியும் சிவப்புதான் என்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாதையனைப் பார்த்தேன், அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

"அறுக்கலாமா வேண்டாமான்னு நான் கேக்கவே இல்லீங்க்கா. வெள்ளை வந்தா புதன்கிழமை, சிவப்பு வந்தா வியாழக்கிழமைன்னு கேட்டேன். வியாழக்கிழமைக்குப் போட்டுக் குடுங்க."

இந்த நாற்காலிக்கு வந்த பிறகு முதல் தடவையாக, நோயாளியை விட்டுவிட்டு, இவளிடம் மாட்டிக்கொண்ட அந்தக் கட்டியின்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது.