கதவு எண் கேட்டேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மழையில் நடந்தது இது. திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் மேனேஜர். அன்றும் அதே வேலை, இன்றும் அதே வேலை.

என் வேலையில் ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கூப்பிடாமல் பந்தியில் உட்காருகிறவர்களைக் கண்டுபிடிப்பதில் நான் கில்லாடி. மேடைப் பக்கம் போகாமல் நேராகச் சாப்பாட்டு ஹாலுக்கு நடப்பார்கள். பக்கத்தில் போய், "மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பேன். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் கண் என் தோளைத் தாண்டி, வாசலில் வைத்திருக்கும் பெயர்ப் பலகையைத் தேடும். அந்த ஒரு பார்வை போதும் எனக்கு. பதினாலு வருடத்தில் எத்தனை பேரைக் கைகழுவ வைத்து அனுப்பியிருப்பேன் என்று சமையல்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த வாரம் புயல் சின்னம் என்று செய்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் விடிகிற நேரத்தில் ஓடைக்கரை உடைந்து, கரையை ஒட்டியிருந்த ஒரு தெருவே சரிந்துவிட்டது. எல்லாம் மண் சுவர் வீடுகள். ஆச்சரியம் என்னவென்றால், ஒரு உயிர்கூடப் போகவில்லை. முதலாளிக்குப் போன் போட்டேன். அடுத்த முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருந்தது. "திறந்து விடுங்க, வேற என்ன செய்ய?" என்றார்.

காலை ஒன்பது மணிக்குள் அக்கம்பக்கத்து ஆட்டோக்காரர்கள் அந்தத் தெரு ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள். முப்பது குடும்பம் இருக்கும். நாகல் நகர்க் கடைக்காரர்கள் பாயும் போர்வையும் கொடுத்தார்கள். எங்கள் கல்யாணங்களுக்கு பிரியாணி போடும் பேகம்பூர் பாய் ஒருவர், யாரும் கேட்காமலே லோடு ஆட்டோவில் இரண்டு அண்டா தக்காளிச் சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் கொண்டுவந்து இறக்கினார். கார்த்திகையில் பலபேர் மாலை போட்டிருப்பார்கள் என்று அவரே யோசித்து, கறி சமைக்காத பாத்திரமாகப் பார்த்து எடுத்துச் சமைத்திருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கேட்டில் நின்றேன். வெளி ஆட்கள் சிலர் நுழைந்து போர்வையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு புகார் வந்திருந்தது. அதனால் தெரு, கதவு எண், எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் போட்டேன். பட்டியலில் இருந்தால்தான் உள்ளே. இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று எனக்கு அது பெரிய சேவையாகத் தோன்றியது.

மத்தியானம் எல்லாரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா தனியாக வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்திருந்தார். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்தத் தெரும்மா?" என்று கேட்டேன். சரியாகத்தான் சொன்னார்.

"கதவு நம்பர்?"

அந்த அம்மாவின் கண் என் தோளைத் தாண்டி உள்ளே போனது. ஒரு நொடி இல்லை, நன்றாகவே பார்த்தார். எனக்குள் மணி அடித்தது. இது எனக்குத் தெரிந்த பார்வை ஆச்சே என்று நினைத்தேன்.

"நம்பரெல்லாம் இல்லய்யா. தெரு முனையில மாவு மில்லு பூட்டிக் கெடக்குல்ல, அதுக்கு முன்னாடிதான் படுத்துக்குவோம்."

"இது வீடு இடிஞ்சவங்களுக்கும்மா. ஒனக்கு எந்த வீடு இடிஞ்சது?"

"இடியறதுக்கு எங்களுக்கு என்ன இருக்கு? மேல இருந்த தகரம் பறந்துபோச்சு. வீட்டுக்காரருக்கு மேலு கொதிக்குதுய்யா. மூச்சு இழுக்குது. செத்த நேரம் காஞ்ச எடத்துல படுக்க வச்சாப் போதும். கூட்டியாந்துரவா?"

"இங்க இருக்கவங்களுக்கே எடம் பத்தல. வேணும்னா ஒரு பொட்டலம் சோறு வாங்கிட்டுப் போ."

"சோறு வேணாம்யா. அவரு தின்ன மாட்டாரு."

அவர் அதற்கு மேல் கெஞ்சவில்லை. சாக்கைச் சரிசெய்துகொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். மணமகள் அறை அந்த நேரத்தில் காலியாகத்தான் இருந்தது. கட்டில், மெத்தை, பெரிய கண்ணாடி எல்லாம் இருக்கிறது, பாழாகிவிடும் என்று நான்தான் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தத் தெருவில் பூக் கட்டிக் கொடுக்கும் ஒரு பெண் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"சார், மில்லு வாசல்ல இருக்க அக்காவைக் காணோம். வேற ஆட்டோவுல வந்துருக்கும்னு நெனச்சோம். வந்துச்சா?"

"ஒரு அம்மா வந்துச்சு. கதவு நம்பர் கேட்டேன், முழிச்சுச்சு. அனுப்பிட்டேன்" என்றேன். பந்தியில் ஒருவரைப் பிடித்துவிட்டுச் சொல்வேனே, அதே தோரணையில்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "அனுப்பிட்டீங்களா? சார், அதுதான் எங்களை எழுப்பிவிட்டுச்சு. வெளிய படுத்துருந்ததால அதுக்குத்தான் தண்ணி வர்றது மொதல்ல தெரிஞ்சுச்சு. நோவுல கெடந்த புருசனைத் தூக்கி மில்லுப் படியில ஒக்கார வச்சுட்டு, சோத்துத் தட்டை எடுத்து ஒவ்வொரு கதவா அடிச்சுச்சு. எங்க கதவைத் தெறந்து பிள்ளைகளைத் தூக்கி வெளிய போட்டதே அதுதான். அது இல்லேன்னா இன்னைக்கு எங்களை மண்ணுக்குள்ளருந்து தோண்டிக்கிட்டு இருந்திருப்பீங்க."

சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்துவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பேகம்பூர் பாய் கையைக் கழுவிக்கொண்டு, "வாங்கண்ணே, தேடுவோம்" என்று மட்டும் சொன்னார். அவருடைய லோடு ஆட்டோவில் நானும் பூக்காரப் பெண்ணும் ஏறிக்கொண்டோம். அந்தத் தெரு ஆண்கள் ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள்.

மில் வாசலில் அவர்கள் இல்லை, படிவரை தண்ணீர் ஏறியிருந்தது. பஸ் ஸ்டாண்டு, கோயில் மண்டபம், பள்ளிக்கூட வாசல் என்று சுற்றிவிட்டு, நாலு மணிக்கு மேல் ஒரு பூட்டிய கடையின் படிக்கட்டில் கண்டுபிடித்தோம். கணவரை மடியில் சாய்த்து வைத்திருந்தார். அவர்மேல் ஒரு பழைய ஃபிளக்ஸ் பேனர் சுற்றியிருந்தது. யாருடைய கல்யாணத்துக்கோ அடித்தது. கீழே எங்கள் மண்டபத்தின் பெயர் இருந்தது.

"வாங்கம்மா, போகலாம்" என்றேன்.

"நம்பர் இல்லையேய்யா" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே, மறுபடியும் கேட்பார்களோ என்று பயந்து சொன்னார்.

மணமகள் அறையைத் திறந்து அவர் கணவரைக் கட்டிலில் படுக்க வைத்தோம். தெருப் பெண்கள் அவரைத் துவட்டி, தங்களுக்குக் கிடைத்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து போர்த்தினார்கள். அவருக்கு மூச்சு விசில் மாதிரி இழுத்தது. பாய் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இங்க வச்சுப் பாக்கிற நோவு இல்லண்ணே" என்றார். உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சீட்டுப் போடுகிற இடத்தில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல் கேட்டார். "எந்தத் தெரு? கதவு நம்பர்?"

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் அப்படி நான் கூசிப்போனதில்லை. மண்டபத்தின் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மாவின் கணவர் இறந்துபோனார். நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது என்றார் டாக்டர். நாலு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இன்றும் அந்தப் பயம் போகவில்லை. சொந்த வீடு மண்ணாகிக் கிடந்த ஜனங்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்கு நடந்தார்கள். பாய் கடைசிவரை கூட வந்தார்.

தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் திரும்பிப்போய்த் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். பூக்காரப் பெண் தன் சுவரை ஒட்டித் தகரம் போட்டு அந்த அம்மாவுக்கு ஒரு அறை கட்டிக் கொடுத்தாள். நிவாரணம் கேட்டு நானும் அலைந்தேன். இடிந்த வீடு எது என்றுதான் அங்கேயும் கேட்டார்கள். நான் என்ன சொல்ல முடியும், நானும் அதைத்தானே கேட்டவன்.

சில மாதம் கழித்து இறப்புச் சான்றிதழைக் கொடுக்க அந்த அம்மாவை மண்டபத்துக்கு வரச் சொன்னேன். முகவரி என்ற இடத்தில் எங்கள் மண்டபம் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்குத் துணிவு வந்தது.

"ஏம்மா, அன்னைக்கு நம்பர் கேட்டப்ப எனக்குப் பின்னாடி எதையோ பாத்தீங்களே, என்னத்தைப் பாத்தீங்க?"

"பிள்ளைகளை எண்ணிப் பாத்தேன்யா" என்றார். "தூக்கி வெளிய விட்டதெல்லாம் வந்து சேந்துருச்சான்னு."

முகூர்த்த நாட்களில் இப்போதும் நான்தான் பந்தி வாசலில் நிற்கிறேன். முன்பின் தெரியாத யாராவது நேராக உள்ளே வந்து, என் தோளைத் தாண்டிப் பார்க்கும்போது, அந்தக் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்கிற தைரியம் இப்போது என்னிடம் இல்லை. பேசாமல் ஒரு இலையைப் போட்டு உட்காரச் சொல்லிவிடுகிறேன்.