ஒரு சாண் கரி

வாகைத் தூணின் அடியைச் சருகுத் தீயில் புரட்டிக்கொண்டிருக்கிறார் அம்மையப்ப ஆசாரி. கண்ணை மூடி முகர்ந்து பார்க்கிறார். பச்சை வாடை போகவில்லையாம், இன்னொரு புரட்டு. தோல் கறுத்து வெடித்ததும் தண்ணீர் ஊற்றி அணைப்பார், தேங்காய் நாரால் தேய்ப்பார், புன்னை எண்ணெய் பூசுவார். பிறகு விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். "உள்ள கல்லு மாதிரி இருக்கு வே!" என்று என்னிடம் சொல்லும்போது அப்படியொரு சந்தோஷம்.

மனிதர் தண்ணீர் குடித்துவிட்டுப் போன செம்பைப் புளி போட்டுத் தேய்த்தாலும் ஐந்து கரிவிரலும் தெரியும். ஆழ்வார்குறிச்சியில் அதற்காக அவரைத் திட்டாத பெண்பிள்ளை கிடையாது. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அவருக்கு இருந்த ஒரே வருத்தம் பிரம்மநாயகி ஆச்சி வீட்டு வாசல்தான். மூன்று வருஷம் முன்பு அங்கே தொழுவத்துக்கு ஆறு தூணும் வாசல் கதவுக்கு இரண்டும் அடியைக் கருக்கி நட்டார். "வாசல்ல சுடுகாட்டுக் கட்டையா?" என்று ஆச்சி ஆள் வைத்து வாசல் தூண்களின் கரியைச் சுரண்டிவிட்டார். கரி போன இடத்தில் கரையான் ஏறிச் செல்லரித்து, ஆனந்த வருஷத்து ஐப்பசி மழையில் கதவோடு தெருவில் விழுந்தன. ஊர் ஆச்சியையா சொல்லும்? 'அம்மையப்பன் நட்டது' என்றுதான் சொன்னது. அதன்பின் ஒருவரும் வாசல் வேலைக்கு அவரைக் கூப்பிடவில்லை.

இன்று அதே வாசல். கூப்பிட்டதும் ஆச்சிதான்.

"மண்ணுக்குள்ள என்னமும் செய்யும். வெளிய கரி தெரியப்படாது."

"மண்ணும் காத்தும் சேருத எடத்துலதான் ஆச்சி செல்லு ஏறும். மேல ஒரு சாண் கருப்பு நிக்கணும். இல்லன்னா எனக்கு இந்த வேலையே வேண்டாம்."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஆச்சி தொழுவத்துக்குப் போனார். அன்று நட்டு, கரி சுரண்டாமல் விட்ட ஒரு தூணை இரண்டு கையாலும் தள்ளினார். அசையவில்லை. மண்ணோரத்தில் சாவியால் குத்திப் பார்த்தார், சாவி இறங்கவில்லை.

"சரி, நடும். ஒரு சாண்தான், கேட்டீரா?"

மதியத்துக்குள் இரண்டும் நிமிர்ந்துவிட்டன. ஆச்சி தூண்களின் உச்சியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, நாலு அடி தள்ளி நின்று பார்த்தார். "நல்லாத்தான் நிக்கி ஆசாரி. ஊருக் கண்ணு பட்டுரப்படாது."

ஆசாரி குனிந்து அந்த ஒரு சாண் கரியில் கட்டைவிரலைத் தேய்த்தார். நிமிர்ந்து, குங்குமத்துக்குப் பக்கத்தில் பைய ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்.